முதியோர் இல்லத்தின் தரத்தை மதிப்பிடுவது எப்படி?

பெற்றோரை முதியோர் இல்லத்தில் சேர்க்கும் முடிவு பல குடும்பங்களில் அவசரத்தில்தான் எடுக்கப்படுகிறது. தாய் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவைச் சிகிச்சை முடிந்து, மருத்துவமனையிலிருந்து அனுப்பப்படும் நாள் நெருங்கும்போதுதான் வீட்டில் யார் கவனித்துக்கொள்வது என்ற கேள்வி எழுகிறது. மகன் வெளிநாட்டில் இருக்கலாம். மகள் வேலைக்குச் செல்பவராக இருக்கலாம். தந்தைக்கும் எண்பது வயது கடந்திருக்கலாம். அந்த நெருக்கடியில், கட்டடத்தின் தோற்றத்தையும் மாதக் கட்டணத்தையும் மட்டும் பார்த்து முடிவு செய்துவிடுகிறோம்.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 10.4 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்தவர்கள். இந்த விகிதம் நாட்டின் சராசரியைவிட அதிகம். ஆகவே, முதியோர் இல்லத்தைத் தேடிச் செல்வது அரிதான நிகழ்வன்று. அதில் வெட்கப்படுவதற்கும் ஒன்றுமில்லை. ஆனால் தேர்வு சரியாக இருக்க வேண்டும். அதற்கு உதவும் செய்திகளை, இல்லத்தில் சேர எண்ணும் முதியவர்களுக்காகவும் அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தினருக்காகவும் இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

முதன்மையான அளவுகோல் எது?

இன்று நன்றாக நடமாடும் ஒருவரை நீங்கள் சேர்க்கலாம். அவருக்குத் தோட்டமும் நூலகமும் கோயிலும் தேவைப்படும். ஆனால் சில ஆண்டுகளில் அவரே படுக்கையில் இருக்கும் நிலை வரலாம். அப்போது அவருக்குத் தேவை, உரிய நேரத்தில் புரட்டிப் படுக்கவைக்கும் ஒரு கை, வாயருகே நீட்டப்படும் தண்ணீர், நள்ளிரவில் அழைத்தால் வரும் ஓர் ஆள்.

எனவே ஓர் இல்லத்தின் தரத்தை, அங்குள்ளவர்களில் மிகவும் நலிவுற்றவர், பணியாளர்கள் மிகக் குறைவாக உள்ள நேரத்தில் எவ்வாறு பராமரிக்கப்படுகிறார் என்பதைக் கொண்டே அளக்க வேண்டும். வரவேற்பறையைக் காட்டிலும் படுக்கையிலிருப்போர் தங்கியுள்ள அறையும், பகலைக் காட்டிலும் இரவும் உண்மையைச் சொல்லும்.

தேவையை முதலில் அறியுங்கள்

முதியோர் இல்லம் என்ற பெயரில் இயங்குபவை அனைத்தும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. தனி வீடு அல்லது அடுக்குமாடி வீட்டில் வாழ்ந்துகொண்டு, உணவு, துப்புரவு, பாதுகாப்பு ஆகிய வசதிகளைப் பெறும் மூத்தோர் குடியிருப்புகள் ஒரு வகை. கோவை போன்ற நகரங்களில் இவை பெருகியுள்ளன. அன்றாட வேலைகளுக்கு உதவியாளர் உள்ள கட்டண இல்லங்கள் மற்றொரு வகை. ஆதரவற்ற முதியோருக்காக அரசின் உதவியுடனோ அறக்கட்டளைகளாலோ நடத்தப்படும் கட்டணமில்லா இல்லங்கள் உள்ளன. படுக்கையில் இருப்பவர்களுக்கும் முதுமை மறதி நோய் உள்ளவர்களுக்கும் செவிலியர் பராமரிப்பு அளிக்கும் இல்லங்கள் வேறு.

எது பொருத்தம் என்பதை அறிய, ஆறு அன்றாடச் செயல்களைக் கவனியுங்கள்: குளித்தல், உடுத்தல், கழிப்பறைக்குச் சென்று வருதல், படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலியில் அமர்தல், சிறுநீர் மலத்தைக் கட்டுப்படுத்துதல், உண்ணுதல். இவற்றில் எவற்றைத் தாமாகச் செய்கிறார், எவற்றுக்கு உதவி தேவை என்று எழுதிக்கொள்ளுங்கள். பார்வை, செவித்திறன், நினைவாற்றல், உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றையும் மருத்துவரின் துணையோடு குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளை இல்லத்தாரிடம் காட்டி, இந்த நிலையில் உள்ளவரை உங்களால் பராமரிக்க இயலுமா, நிலை மோசமானாலும் தொடர்ந்து வைத்துக்கொள்வீர்களா என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கான விடையே முக்கியமானது.

இந்த முடிவில் முதியவரின் குரல் முதலில் ஒலிக்க வேண்டும். மருத்துவச் சோதனைக்கு என்று சொல்லி அழைத்துச் சென்று சேர்த்துவிடுவது நம்பிக்கையைக் குலைக்கும். உணவை மறுத்தல், மனச்சோர்வு ஆகியவற்றுக்கும் வழிவகுக்கும். இயன்றவரை அவரையும் அழைத்துச் சென்று காட்டுங்கள். சில நாள்கள் தங்கிப் பார்க்க வாய்ப்புண்டா என்று கேளுங்கள்.

நேரில் செல்லும்போது

குறைந்தது இரண்டு முறை செல்லுங்கள். ஒன்று, முன்கூட்டியே சொல்லிவிட்டு. மற்றொன்று, சொல்லாமல், மாலை ஆறு மணிக்குப் பிறகோ விடுமுறை நாளிலோ. பார்வையாளர்களுக்கு நேரக் கட்டுப்பாடு இருப்பது இயல்பு. ஆனால் தங்கியிருப்பவர்களின் பகுதியைக் காட்டவே மறுக்கும் இல்லத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

உள்ளே நுழைந்ததும் பின்வருவனவற்றைக் கவனியுங்கள்:

• சிறுநீர் நாற்றம் வீசுகிறதா? எப்போதோ ஒரு முறை நேர்வது வேறு. நாள் முழுவதும் நீடிப்பது உரிய நேரத்தில் துணி மாற்றப்படவில்லை என்பதன் அடையாளம். நாற்றத்தை மறைக்கும் அளவுக்கு வாசனைத் திரவம் தெளிக்கப்பட்டிருந்தாலும் ஐயம் கொள்ளுங்கள்.

• முதியவர்களின் நகம், தலைமுடி, வாய், கண்ணோரம் தூய்மையாக உள்ளனவா? அவரவர் உடையை, மூக்குக் கண்ணாடியை, பல்செட்டை, காது கேட்கும் கருவியை அணிந்திருக்கிறார்களா?

• படுக்கையிலிருப்பவரின் கைக்கு எட்டும் தொலைவில் தண்ணீரும் அழைப்பு மணியும் உள்ளனவா? மணியை அழுத்தச் சொல்லி, எத்தனை நிமிடத்தில் ஆள் வருகிறார் என்று பாருங்கள்.

• கழிப்பறையில் கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை, இரவு விளக்கு, உட்காரும் வகைக் கழிப்பிடம் ஆகியவை உள்ளனவா? சக்கர நாற்காலி நுழையும் அளவுக்குக் கதவு அகலமாக உள்ளதா? படிகளுக்கு மாற்றாகச் சாய்தளம் உள்ளதா?

• பணியாளர்கள் முதியவர்களைப் பெயர் சொல்லியோ உறவுமுறை சொல்லியோ அழைக்கிறார்களா, அதட்டுகிறார்களா? உடை மாற்றும்போது திரை இடுகிறார்களா?

• நண்பகலில் பெரும்பாலோர் உறங்கிக்கொண்டிருக்கிறார்களா? உரையாடலும் நடமாட்டமும் அற்ற அமைதி நல்ல அறிகுறி ஆகாது.

தங்கியிருப்பவர்களுடனும் அவர்களைப் பார்க்க வரும் உறவினர்களுடனும் சிறிது நேரம் தனியே பேசுங்கள். பணியாளர் உடனிருக்கும்போது கிடைக்கும் விடையைவிட அது பயனுள்ளதாக இருக்கும்.

பணியாளர்கள் குறித்துக் கேட்க வேண்டியவை

மொத்தம் எத்தனை பேர் பணியாற்றுகிறார்கள் என்று கேட்பதால் பயன் குறைவு. சமையலர், காவலர், ஓட்டுநர் எல்லோரையும் சேர்த்து ஓர் எண்ணைச் சொல்லிவிடலாம். இரவு பத்து மணிக்கு மேல் இத்தளத்தில் விழித்திருந்து பணியாற்றுபவர் எத்தனை பேர், அவர்கள் எத்தனை பேரைக் கவனிக்கிறார்கள், அவர்களில் செவிலியர் குழுமத்தில் பதிவு பெற்றவர் உண்டா என்று கேளுங்கள்.

பராமரிப்பாளர்கள் எவ்வளவு காலமாகப் பணியில் உள்ளனர் என்பதையும் கேட்டறியுங்கள். ஆட்கள் அடிக்கடி மாறும் இல்லத்தில், இந்தப் பாட்டிக்கு வலது காது கேட்காது, இந்தத் தாத்தாவுக்கு விழுங்கும்போது புரையேறும் என்பன போன்ற செய்திகள் புதியவருக்குத் தெரியாமலே போகும். பெண்களுக்குப் பெண் பராமரிப்பாளர் எல்லா நேரமும் இருக்கிறாரா என்பதும் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி.

பராமரிப்பின் தரத்தைக் காட்டும் ஆறு செய்திகள்

படுக்கைப் புண்: அசையாமல் படுத்திருப்பவருக்கு அடிமுதுகு, இடுப்பின் பக்கங்கள், குதிகால் ஆகிய இடங்களில் எலும்புக்கும் படுக்கைக்கும் இடையே தோல் நசுங்கி, இரத்த ஓட்டம் தடைபட்டுப் புண் உண்டாகிறது. சில மணி நேர அழுத்தமே இதற்குப் போதும். தாமாக அசைய இயலாதவரைச் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிலை மாற்றிப் படுக்கவைப்பது பொதுவான நடைமுறை. அதற்கான பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு வாரத்துக்கான கட்டங்கள் அனைத்தும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், ஒரே மூச்சில் நிரப்பப்பட்டவை போலத் தோன்றினால் அது பதிவேடு அன்று.

விழுதல்: கடந்த ஆறு மாதங்களில் இங்கு எத்தனை பேர் விழுந்தார்கள், அதன்பின் என்ன மாற்றம் செய்தீர்கள் என்று கேளுங்கள். பலர் தங்கியுள்ள இல்லத்தில் யாருமே விழவில்லை என்ற விடை வந்தால், விழுந்ததை அவர்கள் பதிவு செய்வதில்லை என்றே பெரும்பாலும் பொருள். விழுந்த நாள், நேரம், காரணம் ஆகியவற்றைச் சொல்லி, அந்த இடத்தில் விளக்குப் பொருத்தினோம், தூக்க மருந்தை மருத்துவர் குறைத்தார் என்று விடையளிக்கும் இல்லத்தை நம்பலாம்.

மருந்து: ஒவ்வொருவருக்கும் பெயரிட்ட தனிப் பெட்டி, கொடுத்த நேரத்தையும் கொடுத்தவரின் கையொப்பத்தையும் காட்டும் பதிவு, குளிர்பதனப் பெட்டியில் இன்சுலின் ஆகியவை இருக்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்காக ஒரு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள்: ஒருவர் காலை உணவை உண்ண மறுத்தால் அன்றைய இன்சுலினைப் பற்றி யார் முடிவு செய்வார்? உண்ணாதவருக்கு வழக்கமான அளவைப் போட்டுவிட்டால் சர்க்கரை அளவு உயிருக்கு ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும். சர்க்கரை அளவைச் சோதித்து, மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டு முடிவு செய்வோம் என்பதே சரியான விடை.

உணவும் நீரும்: உணவுப் பட்டியலைப் பார்ப்பதோடு நிற்காமல், இரவு உணவுக்கும் காலை உணவுக்கும் இடையே எத்தனை மணி நேரம் என்று கணக்கிடுங்கள். பணியாளர்களின் வசதிக்காக மாலை ஆறு மணிக்கே உணவை முடித்துவிட்டு, காலை எட்டரைக்குச் சிற்றுண்டி கொடுத்தால் இடைவெளி பதினான்கரை மணி நேரம். நீரிழிவு உள்ளவருக்கு இது ஏற்றதன்று. முதுமையில் தாகம் எடுக்கும் உணர்வு குறைவதால், கேட்டால் தருவோம் என்பது போதாது. கோடைக்காலத்தில் நேரம் வைத்து நீரும் மோரும் கொடுக்க வேண்டும். ஊட்டிவிடப்படுபவரை நிமிர்த்தி உட்காரவைத்தே ஊட்ட வேண்டும். உண்டபின் அரை மணி நேரமாவது அதே நிலையில் வைத்திருக்க வேண்டும். இல்லையேல் உணவு மூச்சுக்குழலில் புகுந்து நிமோனியா உண்டாகலாம். மாதந்தோறும் எடை பார்க்கப்படுகிறதா என்று கேளுங்கள். ஒரே மாதத்தில் 5 விழுக்காடு எடை குறைவது மருத்துவர் ஆராய வேண்டிய அறிகுறி.

தொற்று: பலர் சேர்ந்து வாழும் இடங்களில் சிரங்கு, காய்ச்சல், காசநோய் ஆகியவை எளிதில் பரவும். இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் உள்ளவருக்குச் சளிப் பரிசோதனை செய்கிறார்களா, தொற்று உள்ளவரைத் தனியே வைக்க அறை உள்ளதா, துண்டும் படுக்கை விரிப்பும் தனித்தனியா என்று பாருங்கள்.

மறதி நோய்: இரவில் எழுந்து நடமாடுபவரையும் சத்தம் போடுபவரையும் எப்படிக் கையாள்கிறீர்கள் என்று கேளுங்கள். கையைக் கட்டிவிடுவோம், அறையைப் பூட்டிவிடுவோம், ஊசி போட்டு உறங்கவைத்துவிடுவோம் என்பன ஏற்கத்தக்க விடைகள் அல்ல. திடீரென்று ஏற்படும் குழப்பத்துக்குச் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், வலி, நீரிழப்பு, புதிய மருந்து போன்றவை காரணமாக இருக்கலாம். அவற்றைத் தேடிப் பார்க்கும் இல்லமே நல்ல இல்லம்.

அவசர நிலையில் என்ன நடக்கும்?

24 மணி நேர மருத்துவ வசதி என்ற சொற்றொடர் பல விளம்பரங்களில் காணப்படும். அதன் பொருளை விளக்கமாகக் கேளுங்கள். மருத்துவர் அங்கேயே தங்கியிருக்கிறாரா, வாரம் ஒரு முறை வருகிறாரா, தொலைபேசியில் மட்டும் கிடைப்பாரா? நெஞ்சுவலி அல்லது பக்கவாதத்தின் அறிகுறி தோன்றினால் உடனே 108 அவசர ஊர்தியை அழைக்கும் அதிகாரம் இரவுப் பணியாளருக்கு உண்டா, அல்லது மேலாளரின் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டுமா? இந்த வேறுபாடு ஓர் உயிரின் விலை.

மருத்துவமனையில் சேர்க்கும்போது உடன் வருபவர் யார் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். வாயிலில் விட்டுவிட்டுத் திரும்பும் பணியாளரால், நோயாளி என்ன மருந்து உண்கிறார், எப்போதிலிருந்து உடல்நலம் குன்றியது என்று எங்களிடம் சொல்ல இயலாது. நோய் விவரம், மருந்துப் பட்டியல், ஒவ்வாமை, காப்பீட்டு அட்டையின் நகல், உறவினர் எண் ஆகியவை அடங்கிய ஒரு கோப்பு எப்போதும் தயாராக இருக்க வேண்டும். உறவினர் வந்து சேரும் வரை மருத்துவமனையில் உடனிருக்க ஆள் அனுப்புவார்களா, அதற்குத் தனிக் கட்டணமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பதிவும் ஒப்பந்தமும்

தமிழ்நாட்டில் முதியோர் இல்லங்கள் சமூகநலத் துறையிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். அது நடப்பில் உள்ளதா என்பதை மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் உறுதி செய்யுங்கள். சமையலறைக்கான உணவுப் பாதுகாப்புப் பதிவையும் தீயணைப்புத் துறையின் சான்றையும் பார்க்கக் கேட்பது உங்கள் உரிமை. பதிவு என்பது குறைந்தபட்சத் தகுதி. அதுவே தரத்துக்கான உறுதிமொழி ஆகாது.

ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் முன் கீழ்க்கண்டவை எழுத்தில் உள்ளனவா என்று பாருங்கள்:

• மாதக் கட்டணத்தில் அடங்குபவை, அடங்காதவை. டயாப்பர், இயன்முறைச் சிகிச்சை, தனி உதவியாளர் ஆகியவற்றுக்கு எவ்வளவு, ஆண்டுதோறும் கட்டணம் எவ்வளவு உயரும்.

• வைப்புத்தொகை எந்தச் சூழ்நிலையில், எத்தனை நாள்களில் திருப்பித் தரப்படும். இறப்பு நேர்ந்தால் யாரிடம் தரப்படும்.

• எந்த நிலையில் முதியவரை வெளியேறச் சொல்வார்கள், எத்தனை நாள் முன்னறிவிப்பு. படுக்கையில் விழுந்தால் அழைத்துச் செல்ல வேண்டும் என்ற விதி இருந்தால், உதவி மிகவும் தேவைப்படும் நாளில் மீண்டும் இடம் தேட வேண்டியிருக்கும்.

மூத்தோர் குடியிருப்பில் வீடு வாங்குவோர், வீட்டு விற்பனையும் பராமரிப்புச் சேவையும் இரு வேறு ஒப்பந்தங்கள் என்பதை நினைவில் கொள்ளுங்கள். கட்டுநர் விற்றுவிட்டு விலகிய பின் சேவையை நடத்துபவர் மாறலாம். திட்டம் ரெரா சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றதா, சேவை நிறுவனத்தை மாற்றும் உரிமை குடியிருப்போருக்கு உண்டா, பிற்காலத்தில் வாரிசுகள் அங்கு வசிக்க வயது வரம்பு உள்ளதா என்று கேட்டறியுங்கள்.

சேர்க்கைக்கு ஈடாகச் சொத்தை எழுதித் தருமாறு எவர் கேட்டாலும் சட்ட ஆலோசனை பெறாமல் கையொப்பமிடாதீர்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007இன் 23ஆம் பிரிவின்படி, தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் மூத்த குடிமகன் சொத்தை எழுதிக்கொடுத்து, பெற்றவர் அவ்வாறு பராமரிக்கத் தவறினால், அந்த உரிமை மாற்றம் செல்லாது எனத் தீர்ப்பாயம் அறிவிக்கலாம். நிபந்தனை பத்திரத்திலேயே எழுதப்பட்டிருப்பது பாதுகாப்பானது.

சேர்த்த பின்னும் பொறுப்பு தொடர்கிறது

இல்லத்தில் சேர்ப்பதால் பிள்ளைகளின் சட்டப்படியான பராமரிப்புக் கடமை முடிவதில்லை. மூத்த குடிமகனைக் கைவிடும் நோக்கத்தோடு ஓரிடத்தில் விட்டுச் செல்வது, மேற்கண்ட சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி மூன்று மாதங்கள் வரை சிறைத் தண்டனைக்கோ 5,000 ரூபாய் வரை அபராதத்துக்கோ, இரண்டுக்குமோ உரிய குற்றம்.

முதல் மாதத்தில் இயன்றவரை அடிக்கடி, வெவ்வேறு நேரங்களில் சென்று பாருங்கள். வெளியூரில் இருப்பவர்கள், அருகில் வாழும் உறவினர் ஒருவரிடம் அப்பொறுப்பை ஒப்படையுங்கள். காணொளி அழைப்பில் முகம் மட்டுமே தெரியும், முதுகும் குதிகாலும் தெரியா. ஒவ்வொரு முறையும் தோல், எடை, வாய், நடை, மனநிலை ஆகியவற்றைக் கவனியுங்கள். விளக்கமில்லாத காயங்கள், திடீர் எடைக் குறைவு, பகலிலும் நீங்காத மயக்கம், குறிப்பிட்ட பணியாளரைக் கண்டால் ஏற்படும் அச்சம், தனியே பேச அனுமதி மறுப்பு ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள்.

குறை இருந்தால் முதலில் பொறுப்பாளரிடம் எழுத்தில் தெரிவியுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் மாவட்டச் சமூகநல அலுவலரை அணுகுங்கள். முதியோருக்கான கட்டணமில்லா உதவி எண் 14567. பராமரிப்புத் தொகை, சொத்து ஆகியவை தொடர்பான மனுக்களை வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் அளிக்கலாம். உடனடி ஆபத்து இருப்பின் காவல்துறையையோ 108ஐயோ தயங்காமல் அழையுங்கள்.

இல்லத்தில் சேரவிருக்கும் பெரியவர்களுக்கு ஒரு சொல்: உங்கள் மருந்துச் சீட்டின் நகலையும், நீங்கள் நம்பும் ஒருவரின் தொலைபேசி எண்ணையும் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கைப்பேசியும் வங்கிப் புத்தகமும் உங்கள் பொறுப்பிலேயே இருக்கட்டும். பிடிக்காததைச் சொல்வது நன்றி மறத்தல் ஆகாது. எத்தனை மணிக்கு எழுவது, எதை உண்பது, யாரோடு பேசுவது என்பவற்றில் உங்கள் விருப்பத்தைக் கேட்டு நடக்கும் இல்லமே உங்களுக்கு உரிய இல்லம்.